டெலிபோன் பெல் செய்த மெட்டல் டிடெக்டர்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் யார் என்று கேட்டால், டெலிபோன் கண்டுபிடித்தவர் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஆனால் கோர்ட் வாசலில் போலீஸ்காரர் கையில் கீகீ என்று கத்துகிறதே மெட்டல் டிடெக்டர், அதற்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இந்த வருடம்தான் தெரிந்தது. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு நாங்கள் நான்கு பேர் மெட்டல் டிடெக்டர் செய்தோம். அதற்காக லைப்ரரியில் தேடும்போதுதான் இந்த மனிதரின் கதை கிடைத்தது.

பெல் 1847 மார்ச் 3 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அப்பா உச்சரிப்பு சொல்லிக் கொடுப்பவர். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. சகோதரர்கள் இரண்டு பேரையும் காசநோய் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1870-ல் பெற்றோர் அவரைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அடுத்த வருடம் பாஸ்டன் நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆனார். பகலில் பாடம், இராத்திரியில் கம்பியும் காந்தமும்! 1876 மார்ச் 7-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. எலிஷா கிரே என்பவரும் பிப்ரவரி 14 அன்று, அதே நாளில், தன் மனுவைக் கொடுத்திருந்ததால் அந்தச் சண்டை இன்றும் பேசப்படுகிறது. 1877-ல் பெல் திருமணம் செய்துகொண்ட மேபல் அம்மையாரும் சிறு வயதிலேயே காது கேட்கும் சக்தியை இழந்தவர்.

இனிதான் நம் விஷயம். 1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். ஒரு குண்டு உடம்புக்குள்ளேயே நின்றுவிட்டது. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 14 வருடம் இருந்த காலம். டாக்டர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் தேடினார்கள். இதைக் கேட்ட பெல்லுக்கு ஒரு யோசனை வந்தது.

யோசனை இதுதான். இரண்டு காயில். ஒன்றில் விட்டு விட்டு மின்சாரம் பாயும். பக்கத்துக் காயிலில் அது மின்சாரத்தைத் தூண்டும். இரண்டையும் சரியான அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தி வைத்தால் தூண்டுதல் கழிந்து பூஜ்யமாகிவிடும். டெலிபோன் ரிசீவரில் சத்தமே வராது. அருகில் ஓர் உலோகம் வந்தால் இந்தச் சமநிலை கெடும், ரிசீவர் முனகும். டேவிட் ஹ்யூஸ் என்பவர் 1879-லேயே செய்து காட்டிய சமநிலைக் கருவியைத்தான் பெல் தன் ரிசீவரோடு சேர்த்து வளர்த்தார். உதவியாளர் டெயின்டரோடு ராப்பகலாக உழைத்தார். இறைச்சிக்குள் குண்டை வைத்துப் பார்த்தார். உள்நாட்டுப் போரில் அடிபட்டு உடம்பில் குண்டோடு வாழ்ந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்தார். வேலை செய்தது!

ஜூலை 26 அன்று வெள்ளை மாளிகையில் சோதனை. ரிசீவரில் ஒரே பொரபொர சத்தம், ஒன்றும் புரியவில்லை. பிறகு பார்த்தால் கண்டென்சரைத் தப்பாக இணைத்திருந்தார்கள். பெல்லே தப்பாக இணைப்புக் கொடுப்பாராம் என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது தெரியுமா! ஆகஸ்ட் 1-ல் மறுபடி போனார். இந்த முறை பெரிய பரப்பில் மங்கலாக ஒரு சத்தம் மட்டும். மறுநாள்தான் அந்தப் படுக்கையில் எஃகுக் கம்பி வலை மெத்தை இருந்தது தெரிந்தது. கெடுத்தது அதுதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெல் அதே மாதிரி மெத்தை வாங்கிச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதனால் பெரிய பாதிப்பு இல்லை என்றே நினைத்தார். பெரிய தடை வேறு. குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை டாக்டர் பிளிஸ் பிடிவாதமாக இருந்தார். வலது பக்கத்தை மட்டும் தேடவிட்டார். செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்டு இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால், குண்டு இடது பக்கம், ஆழத்தில்! உயிரை வாங்கியது குண்டை விட, அந்தக் கழுவாத விரல்கள் ஏற்றிய சீழ்தான்.

இந்தத் தோல்வியின் நடுவிலேயே ஆகஸ்டில் பெல்லுக்கு ஒரு மகன் பிறந்து, மூச்சு விட முடியாமல் சில மணி நேரத்தில் இறந்துபோனான். மனிதர் உடைந்து உட்காரவில்லை. மூச்சு விட உதவும் ஒரு கருவியைச் செய்யத் தொடங்கினார். குண்டு தேடிய சோதனைகளைத் தன் தப்புகளோடு சேர்த்து அடுத்த வருடமே கட்டுரையாக வாசித்தார். அவரும் குறை இல்லாதவர் அல்ல. காது கேளாதோர் சைகை மொழி பேசக் கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதத்தை அம்மக்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார்கள். 1922 ஆகஸ்ட் 2-ல் இறந்தார். அடக்கம் நடந்தபோது வட அமெரிக்காவின் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தன.

இனி என் கதை. எங்கள் டிடெக்டரை முதல் நாள் லேபில் ஆன் செய்தோம். எங்கே வைத்தாலும் கத்தியது! அரை நாள் சர்க்யூட்டையே திட்டினோம். கடைசியில் பார்த்தால் மர டேபிளுக்கு அடியில் இரும்பு ஃபிரேம், தரையிலும் கான்கிரீட் கம்பி. வெளியே மண் தரைக்குப் போனதும் கருவி ஒழுங்காக வேலை செய்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்: வாட்ச், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். காயிலைத் தரையை ஒட்டி, ஒரே உயரத்தில், மெதுவாக வீசுங்கள். ஒரு வீச்சின் மேல் அடுத்தது பாதி ஏறவேண்டும். சத்தம் வந்த இடத்தைக் குறுக்காகவும் ஒருமுறை வீசிப் பாருங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் பொருள் இருக்கும்.

ஊருக்கு எடுத்துப் போனதும் சித்தப்பா, நடுகல் பக்கம் புதையல் பார்க்கலாமா என்றார். நடுகல் நம் மாவட்டத்தின் சொத்து சித்தப்பா, 1878-ம் வருடத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் கிடைத்தாலே கலெக்டருக்குச் சொல்லணும் என்றேன். அவர் ஆர்வம் அதோடு போய்விட்டது.

நான் தேடியது அம்மாவின் கம்மலை. கடலைக்காட்டில் களை வெட்டும்போது ஒற்றைக் கம்மல் விழுந்துவிட்டது. முதல் இரண்டு வருடமும் ஜூன் மாதம் என் ஃபீஸுக்காக அடகுக்கடைக்குப் போய் வந்த கம்மல் அது. இரண்டு நாள் தேடினேன். ஆணி, பிளேடு, சோடா மூடி, ஒரு மாட்டு லாடம் கிடைத்தன. கம்மல் கிடைக்கவில்லை. எங்கள் கருவிக்கு ஒரு ரூபாய் நாணயம் நான்கு விரல் ஆழத்தில் கேட்கும். கம்மல் ஒரு விரல் ஆழத்துக்குப் போனாலே கேட்காது. அம்மாவின் மீதிக் கம்மலை வைத்தே அதை அளந்தேன். படிச்சும் கிடைக்கலையா என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டபோது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா மட்டும், இவ்வளவு தூரம் தேடத் தெரிஞ்சுதே என்றார்.

ரெக்கார்டில் இதை எழுதவேண்டாம், மார்க் குறையும் என்றார்கள் நண்பர்கள். நானும் தயங்கினேன். ஜனாதிபதி விஷயத்தில் தோற்றதையே பெல் மறைக்கவில்லை, நமக்கென்ன என்று தோன்றியது. கம்மல் கேட்காத ஆழத்தையும் ரெக்கார்டில் எழுதிவிட்டேன்.

பெல் தேடிய குண்டு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உலோகத்தைக் காதால் தேடும் அந்த வழி நிலைத்துவிட்டது. 2009-ல் போர் முடிந்த பிறகு இலங்கையின் முகமாலையில் நம் தமிழ்ப் பெண்கள் மண்டியிட்டு, டிடெக்டரைக் கையில் பிடித்துக் கண்ணிவெடிகளை எடுத்தார்கள். அவர்கள் காதில் கேட்ட சத்தமும் அந்த வழியில் வந்ததுதான்.

அடுத்த மழைக்குப் பிறகு காட்டில் மண் இளகும். காயிலைப் பெரிதாக்காமல் சின்னதாக்கிச் சுற்றினால் சிறு பொருள் நன்றாகக் கேட்கும் என்கிறார்கள். சுற்றிக்கொண்டிருக்கிறேன், நண்பர்களே!