அளந்தறிந்த அறிஞர் ஏர்ண்ஸ்ட் அபே

புகைப்படக் கருவியை ஒருவர் செய்ய, அதற்குரிய வில்லையை வேறொருவர் செய்வது பழைய வழக்கு. அவ்வாறு பிறர் கைப்பட்டு வரும் வில்லை தரமானதோ அன்றோ என்பதை எதைக்கொண்டு துணிவது? செய்தவர் பெயரைக் கொண்டா? விலையைக் கொண்டா? இரண்டையும் ஒதுக்கி, அளவையே சான்றாகக் கொள்ளக் கற்பித்தவர் ஜேர்மனிய அறிஞர் ஏர்ண்ஸ்ட் அபே.

1840ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஐசனாக் நகரில் ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகனாக அவர் பிறந்தார். தந்தையார் நாளொன்றுக்கு 14 முதல் 16 மணிநேரம் உழைப்பார். சிறுவன் கொண்டுசென்ற மதிய உணவையும் இயந்திரத்தருகே நின்றபடியே உண்பார். அக்காட்சி அபேயின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. வறுமைக்கிடையே யேனாவிலும் கொட்டிங்கனிலும் கற்று 1861இல் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1863இல் யேனாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

அந்நகரில் 1846 முதல் தொழிற்கூடம் நடத்தி நுணுக்குக்காட்டிகள் செய்துவந்தவர் கார்ல் சைஸ். தொழிலாளர் வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பர். தெளிவான உருவம் கிடைத்தால் அது நற்பேறே. இந்நிலையில் மனநிறைவு கொள்ளாத சைஸ், 1866இல் அபேயின் துணையை நாடினார்.

அபே கணக்கிடலானார். பிழைகளைக் குறைக்க எண்ணி, ஒளி புகும் கோணத்தைச் சுருக்கி வில்லைகளை வகுத்தார். கணக்கின்படி அவை செம்மையானவை. ஆயினும் நுண்பொருள்களைக் காட்டுவதிற் பழைய வில்லைகளுக்கு அவை தோற்றன. வேறொருவராயின் கடைந்த தொழிலாளரைக் குறைகூறியிருத்தல் கூடும். அபேயோ தம் கருத்தையே ஐயுற்றார். நுண்கோடுகளிற் பட்டு விரிந்து செல்லும் ஒளியைப் போதிய அளவு ஏற்றுக்கொள்ளாத வில்லை, எத்துணைச் செம்மையாகக் கடையப்பட்டதாயினும், அக்கோடுகளைக் காட்டாது என்று கண்டார். 1872இல் கணக்கின்வழி அமைந்த கருவிகள் விற்பனைக்கு வந்தன. மறு ஆண்டு அவருடைய கொள்கை அச்சேறியது.

வில்லையைச் சோதிக்க அவர் வகுத்த முறை எளியது. கண்ணாடித் தகட்டில் மெல்லிய வெள்ளிப் பூச்சிட்டு, அதில் நுண்கோடுகள் கீறப்பட்டன. ஒளியை வில்லையின் நடுவழியாகவும் ஓரத்தின் வழியாகவும் செலுத்தி அக்கோடுகளை நோக்குதல் வேண்டும். விளிம்புகள் இடம்பெயராமலும் கலங்காமலும் நிறக்கரை பூசாமலும் இருப்பின் வில்லை நல்லது. யார் செய்த வில்லைக்கும் இச்சோதனை ஒன்றே.

நல்ல வில்லைக்கு நல்ல கண்ணாடி வேண்டுமல்லவா? ஒட்டோ ஷொட் என்னும் இரசாயன அறிஞருடன் கூடி 1884இல் யேனாவிற் கண்ணாடி ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அங்கு உருகி வந்த புதிய கண்ணாடிகளின் ஒளிமுறிவு துல்லியமாக அளக்கப்பட்டது. அவற்றைக் கொண்டே போல் ரூடோல்ப் 1890இல் புதுவகைப் புகைப்பட வில்லையைச் சைஸ் நிறுவனத்தில் ஆக்கினார். லண்டனிலும் அமெரிக்காவின் றொச்செஸ்டரிலும் இருந்த நிறுவனங்கள் உரிமம் பெற்று அதனைச் செய்தன. யேனாவின் வில்லையை வேறு நகரத்தார் செய்வதென்றால், கைராசியை நம்புதல் இயலாது. அளவே இரு சாராருக்கும் பொதுமொழி.

1888இற் சைஸ் மறைந்தார். மறு ஆண்டு அபே ஓர் அறநிலையம் தோற்றுவித்து, 1891இல் தம் பங்குரிமையை அதற்கே அளித்தார். அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. சைஸின் பெயரையே சூட்டினார். தொழிலாளருக்கு ஓய்வூதியமும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் உறுதியாயின. 1900இல் எட்டு மணிநேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. நின்றபடி உண்ட தந்தையின் மகன், உழைப்புக்கும் ஓர் அளவு கண்டார்.

1905 ஜனவரி 14இல் அபே யேனாவிற் காலமானார். பெயர் பொறித்த வில்லையைக் கையிலெடுப்போர் அவரை நினைத்தல் தகும். பெயரைப் படித்தவுடன் மதிப்பிட்டு விடாமல், கோட்டையும் விளிம்பையும் பொறுமையோடு நோக்குவதே அவருக்குச் செய்யும் மரியாதை. தம் கணக்குப் பொய்த்தபோதும் அவர் செய்தது அதுவே.