தோற்றோர் பக்கம் நின்ற நாடகப் புலவர்

கிரேக்க அவல நாடகப் புலவர் மூவருள் எஸ்கிலஸும் சோபோகிளிஸும் தம் வாழ்நாளிலேயே பரிசும் பாராட்டும் நிரம்பப் பெற்றவர்கள். மூன்றாமவராகிய யூரிப்பிடிஸின் நிலை வேறு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நாடகம் படைத்த அவர் உயிரோடிருந்தபோது பெற்ற முதற்பரிசுகள் நான்கே. ஆயினும், இன்று முழுமையாகக் கிடைக்கும் நாடகங்களை எண்ணினால் முன்னவர் இருவருக்கும் ஏழேழு, இவருக்கோ 18. பத்தொன்பதாவதாகச் சேர்க்கப்படும் 'ரீசஸ்' இவருடையதுதானா என்பதில் அறிஞரிடையே ஐயம் உண்டு.

அவர் பிறந்தது கி.மு. 480 அளவில். பாரசீகரைக் கிரேக்கர் வென்ற சலாமிஸ் கடற்போர் நிகழ்ந்த நாளிலேயே பிறந்தார் என்பது பழங்கதை. பெரியோர் பிறப்பைப் பெருநிகழ்ச்சியோடு முடிச்சிடுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமாதலால், அதனை நாம் அப்படியே கொள்ள வேண்டுவதில்லை. அவர்தம் அன்னை கீரை விற்றவர் என்று அங்கத நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் எள்ளியதும் அத்தகையதே.

ஏதென்ஸ் நகரின் டயோனிசஸ் விழாவில் ஆண்டுதோறும் புலவர் மூவர் நாடகப் போட்டியில் இறங்குவர். கி.மு. 455இல் அப்போட்டியில் புகுந்த யூரிப்பிடிஸ், முதற்பரிசு காணப் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார். கணவனால் கைவிடப்பட்ட அயல்நாட்டுப் பெண்ணொருத்தியின் குமுறலைக் காட்டும் 'மெடியா' கி.மு. 431இல் அரங்கேறியபோது அவருக்குக் கிட்டியது கடைசி இடம். பெண்டிரும் அடிமைகளும் அயலாரும் அரங்கில் நின்று நியாயம் கேட்பதை அந்நகரத்தார் விரும்பிப் பார்த்தனர். பரிசளிக்கத்தான் தயங்கினர் போலும்.

கி.மு. 416இல் ஏதென்ஸ் தன் மேலாண்மைக்கு இணங்காத மெலோஸ் என்னும் சிறு தீவை முற்றுகையிட்டது. தீவு பணிந்தபின் ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. மறு இளவேனிலில் யூரிப்பிடிஸ் அரங்கேற்றிய நாடகம் 'டிராய் மகளிர்'. அதில் வெற்றிவிழா இல்லை. எரியும் நகரின் முன்னே, எவன் கப்பலில் எவளை ஏற்றுவது என்று பங்கிடப்படும் பெண்களே உள்ளனர். மதிலிலிருந்து வீசிக் கொல்லப்பட்ட சிறுவனை அவன் தந்தையின் கேடயத்திலேயே கிடத்திப் பாட்டி அடக்கம் செய்விக்கிறாள். மெலோஸை எண்ணியே புலவர் இதை எழுதினாரா என்று வாதிடுவோர் உளர். எழுதியவர் எதை எண்ணினாலும், பார்த்திருந்தோர் நெஞ்சு உறுத்தாதிருந்திருக்குமா என்பதே நம் வினா. பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

அவ்வாண்டே ஏதென்ஸின் பெரும்படை சிசிலித் தீவை நோக்கிப் புறப்பட்டது, கி.மு. 413இல் அடியோடு அழிந்தது. பிழைத்தோர் சிராக்யூஸ் நகரின் கற்குழிகளில் சிறைப்பட்டு, பசியாலும் வெயிலாலும் மடிந்தனர். அவர்களுள் யூரிப்பிடிஸின் பாடல்களை ஒப்பித்த சிலர், அப்பாடல்களில் மயங்கிய பகைவரால் விடுவிக்கப்பட்டனர் என்றும், ஊர் திரும்பியதும் புலவரின் இல்லம் தேடிச் சென்று நன்றி கூறினர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். நான்கு முதற்பரிசுகளையும் இந்நன்றியையும் தராசில் இட்டால் எது தாழும்?

முதுமையில் அவர் மாசிடோனிய மன்னன் ஆர்க்கிலாஸின் அவைக்குச் சென்று, கி.மு. 406இல் அங்கேயே காலமானார். செய்தி கேட்ட சோபோகிளிஸ், முதியவராகிய தாமும் துயராடை அணிந்து, தம் பாடற்குழுவினரை மாலையின்றி அவையில் நிறுத்தினார் என்பர். யூரிப்பிடிஸ் விட்டுச் சென்ற 'பாக்கே' முதலிய நாடகங்கள் அவர் மறைவுக்குப்பின் அரங்கேறி முதற்பரிசு வென்றன.

கி.மு. 404இல் ஏதென்ஸ் பணிந்தபோது, நகரை இடித்துத் தரைமட்டமாக்க வேண்டுமென்ற பேச்சு வென்றோரிடையே எழுந்தது. அன்றைய விருந்தில் ஒருவர் யூரிப்பிடிஸின் 'எலெக்ட்ரா' பாடலைப் பாடவும், படைத்தலைவர்கள் மனமிளகினர் என்பதும் புளூட்டார்க் தரும் செய்தியே.

அவலச்சுவையில் இவரே தலையாயவர் என்பது அரிஸ்டாட்டிலின் கணிப்பு. அக்கணிப்பு இடம்பெற்ற 'கவிதையியல்' பத்தாம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா என்பவரால் சிரியாக் மொழிவழி அரபியாக்கம் பெற்றது என்பதையும் ஈண்டு நினைவுகூர்கிறோம். யூரிப்பிடிஸின் பெயரில் வழங்கிய நாடகங்கள் 90க்கு மேல், பெரும்பாலானவை அழிந்தன. எகிப்திய மணல் அவ்வப்போது சிலவற்றைத் திருப்பித் தருகிறது. 2022இல் அந்நாட்டுக் கல்லறைப் பகுதியொன்றில் கிடைத்த பாப்பிரஸ் ஏட்டில், அழிந்துபோன 'ஐனோ', 'பாலிடஸ்' ஆகிய அவருடைய நாடகங்களின் நூற்றுக்குச் சற்றுக் குறைந்த வரிகள் இருப்பதை ஆய்வாளர்கள் இனங்கண்டு, 2024இல் வெளியிட்டனர்.