லியோ ஃபெண்டர்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் (ஆகஸ்ட் 10, 1909 – மார்ச் 21, 1991) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இசைக்கருவி வடிவமைப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். டெலிகாஸ்டர், ஸ்ட்ராடோகாஸ்டர் ஆகிய மின் கித்தார்களுக்காகவும், வெற்றிடக் குழாய்களால் இயங்கும் கித்தார் மிகைப்பிகளுக்காகவும் இவர் அறியப்படுகிறார். முறையான மின்னணுவியல் கல்வி பெறாத இவர், வானொலி பழுதுபார்ப்பவராகத் தொழிலைத் தொடங்கினார்.

இளமை

கலிபோர்னியாவின் அனாகைம், ஃபுல்லர்டன் நகரங்களுக்கு அருகே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் கட்டி ஒன்றினால் இடது கண்ணை இழந்தார். சிறுவயதிலேயே வானொலியில் ஆர்வம் கொண்டிருந்தாலும், கல்லூரியில் கணக்கியலே பயின்றார். பொருளியல் பெருமந்தக் காலத்தில் கணக்கர் வேலையை இழந்த பின், 1938இல் 600 டாலர் கடன் பெற்று ஃபுல்லர்டனில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் தொடங்கினார்.

நிறுவனம்

கடைக்கு வந்த இசைக்கலைஞர்களின் கருவிகளைச் சரிசெய்ததன் வழியே அவர்களது தேவைகளை அறிந்தார். டாக் காஃப்மன் என்பவருடன் கூட்டாகச் சில காலம் கித்தார்களும் மிகைப்பிகளும் செய்து, 1946இல் தனி நிறுவனம் அமைத்தார். 1951இல் பிரிசிஷன் பேஸ் கித்தாரும், 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டரும் வெளிவந்தன. ஃபெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆகவே, புதிய மாதிரிகளைக் கலைஞர்களிடம் கொடுத்து அவர்களின் கருத்துப்படி திருத்தினார். டிக் டேல் உரத்த வாசிப்பால் மிகைப்பிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதாக்கியமை, மேலும் ஆற்றல் மிக்க மாதிரிகள் உருவாகக் காரணமாயிற்று.

மிகைப்பிகள்

உறுப்புகளை ஒரே அட்டையில் வரிசையாக அடுக்கிக் கையால் பற்றவைத்ததால், பழுதான உறுப்பை எளிதில் மாற்ற முடிந்தது. இவரது பாஸ்மேன் மிகைப்பியைப் பின்பற்றியே இலண்டனில் மார்ஷல் நிறுவனத்தின் முதல் மிகைப்பி உருவானது.

1960களின் பல மாதிரிகளில் இரு தடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி உள்ளீடு இருந்ததால், தடம் மாறக் கம்பியைக் கழற்றிச் செருக வேண்டும். பிற்காலத்தில் பலர் ரிலேக்களைச் சேர்த்து, காலால் தடம் மாற்றும் வசதியை இவற்றில் அமைத்தனர்.

ரீங்காரமும் புவியிணைப்பும்

மின்வழங்கலில் இருந்து கலக்கும் ரீங்காரத்தைக் குறைப்பது மிகைப்பி வடிவமைப்பின் முக்கியச் சிக்கலாகும். அமெரிக்க மின்சாரத்தில் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெரும்பாலும் குழாய்களின் சூடேற்றிக் கம்பிகளில் இருந்தோ புவியிணைப்பில் இருந்தோ வரும். 120 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வடிகட்டி மின்தேக்கிகள் தளர்ந்ததைக் காட்டும். ஃபெண்டர் மிகைப்பிகளில் சூடேற்றிக் கம்பிகள் முறுக்கப்பட்டிருந்தன. நுண் சமிக்ஞைப் பகுதியின் புவியிணைப்புகள் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பின்னுள்ள பித்தளைத் தகட்டிலும், மின்வழங்கலின் புவியிணைப்புகள் மின்மாற்றிக்கு அருகிலும் பற்றவைக்கப்பட்டன. மாற்றியமைப்போர் ரிலேயின் மின்னோட்டத்தை நுண் சமிக்ஞைப் பகுதியின் புவியிணைப்பு வழியே திரும்பச் செய்தால் இந்த ஒழுங்கு குலைந்து ரீங்காரம் எழும். ரிலேயின் திரும்பு கம்பியை மின்வழங்கல் வரை தனியே கொண்டு செல்வது இதற்கான தீர்வாகும்.

அக்கால வடிவமைப்பில் ஓர் ஆபத்தும் இருந்தது. இரு முனைச் செருகி கொண்ட மாதிரிகளில், மின்கம்பி ஒன்று மின்தேக்கி வழியாக உலோகச் சட்டகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. ரீங்காரம் குறைவான பக்கத்தை ஓர் ஆளி மூலம் தேர்ந்தெடுக்கலாம். அம்மின்தேக்கி குறுக்குச்சுற்றானால் சட்டகத்திலும் கித்தாரின் தந்திகளிலும் மின்சாரம் பாயும். எனவே பழுதுபார்ப்போர் அதனை நீக்கி, புவிக்கம்பியுடன் கூடிய மும்முனைச் செருகியைப் பொருத்துவது வழக்கம்.

1957இல் பிரிசிஷன் பேஸ் கித்தாரின் ஒலியுணரி இரு சுருள்களாகப் பிரிக்கப்பட்டது. எதிரெதிராக அமைந்த இச்சுருள்களில் ரீங்காரம் ஒன்றையொன்று நீக்கிவிடும்.

பிற்காலம்

உடல்நலக் குறைவால் 1965இல் நிறுவனத்தை 13 மில்லியன் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்திடம் விற்றார். பின்னர் மியூசிக் மேன், ஜி அன்ட் எல் நிறுவனங்களுக்காகக் கருவிகளை வடிவமைத்தார். பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டிருந்த இவர், 1991இல் ஃபுல்லர்டனில் காலமானார். 1992இல் ராக் அன்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.