விபுலாநந்தர் பாடசாலையோடு கட்டிய வீடு

கொட்டாஞ்சேனை விவேகானந்த மேட்டால் நடக்கும்போதெல்லாம் எனக்குச் சுவாமி விபுலாநந்தரின் நினைவு வரும். 1897இல் கொழும்புக்கு வந்துபோன விவேகானந்தரின் பெயரில் 1902இல் இந்நகரில் ஒரு சபை தொடங்கியது. அதே இராமகிருஷ்ண இயக்கத்தில்தான் பிற்காலத்தில் விபுலாநந்தரும் சேர்ந்தார்.

யாழ் நூல் எழுதியவராக அவரை எல்லோரும் அறிவோம். எனக்கு இப்போது தேவைப்படுவது பிள்ளைகளைப் பாடசாலையில் தக்கவைத்த விபுலாநந்தர்.

நான் இங்கே மாலைநேர வகுப்பு எடுக்கிறேன். வன்னியிலிருந்து வந்த ஒரு குடும்பம், தகப்பன் இல்லை. தரம் 10 படித்த பெடியன் மூன்று மாதமாகப் புறக்கோட்டையில் ஒரு கடையில் மூட்டை இறக்கினான். பாடசாலை இடாப்பில் பெயர் இருந்தது. ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்க ஒருவரும் இல்லை. 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் கதவைத் தட்டாதே!

விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தார். சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியின் மகன், இயற்பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளில் படித்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார், தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர் பதவியும் கிடைத்தது. அதை விட்டுவிட்டு 1922இல் சென்னைக்குப் போய்த் துறவு வாழ்வைத் தொடங்கினார்.

ஊர் திரும்பியவர் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. இலவசக் கல்வி வருவதற்கு இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன; ஆங்கிலப் பாடசாலைக்குச் சம்பளம் கட்ட வேண்டிய காலம். தாய் தகப்பன் இல்லாத, வசதியற்ற பிள்ளைகளுக்குக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்தால் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடசாலையோடு மாணவர் இல்லமும் நடந்தது. அங்கே சோறு இருந்தது, படிக்க விளக்கு இருந்தது, காலையில் எழுப்பிவிட ஆள் இருந்தது. வீடு கொடுக்க முடியாததை இல்லம் கொடுத்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அங்கேயும் அயலில் இருந்த சேரிப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பேராசிரியர் ஒருவர் சேரிக்குள் போவது அன்று சாதாரண காரியமா? என்னைக் கேட்டால், அவருடைய பட்டங்களைவிட இதுதான் பெரிது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார். 1947 ஜூன் மாதம் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி கொழும்பிலேயே காலமானார். உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்தார்கள்.

போர் முடிந்தபின் நம்மிடையே கட்டடங்கள் எழுந்தன, புலமைப்பரிசில்களும் வந்தன. நல்லது. ஆனால் ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் பிள்ளை எங்கே இருந்து படிப்பது? மகனின் நாட்கூலி நின்றால் தாய் வாடகையை எப்படிக் கட்டுவது? தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியரோ, அயலில் உள்ள பழைய மாணவரோ போனால் இந்தக் கேள்விகள் அன்றே காதில் விழும். மூன்று மாதம் கழித்துப் போனால், கையில் காசு பார்த்த பெடியனிடம் பேசுவது கஷ்டம். நான் பிந்தித்தான் போனேன்.

தாய் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது தரம் போனபோதுதான் வாடகைப் பாக்கியைச் சொன்னார். இப்போது எங்கள் ஒழுங்கையில் நாலு குடும்பங்கள் சேர்ந்து அதில் ஒரு பங்கைக் கட்டுகிறோம். பெடியன் திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனான். பின்னேரம் ஆறு மணிக்கு என் வீட்டு மேசைக்கு வருகிறான். இரவுச் சாப்பாடும் இங்கேதான். கணக்கில் நிறையப் பிந்திவிட்டான்.