பாட்டால் எழுந்த நினைவாலயம்

நுழையும்முன்

கலைஞர்கள் தம் கலையால் புகழ் ஈட்டுகின்றனர், பொருளும் ஈட்டுகின்றனர். அவ்வாறு ஈட்டிய பொருளைத் தம் குடும்பத்திற்கென வைத்துக்கொள்ளாமல் ஊர் கூடும் ஒரு பொது இடத்திற்கெனச் செலவிட்டவர் ஒரு பெண்பாடகர். ஆனால், தாம் எழுப்பிய இடத்தில் பாடும் உரிமைக்காகவே அவர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் அப்பெருமகளின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

மைசூருக்கு அருகில் உள்ள நஞ்சன்கூடு என்னும் ஊரில் 1878ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் நாகரத்தினம்மாள் பிறந்தார். அவருடைய தாயார் புட்டலட்சுமி அம்மாள், கோவில்களிலும் அரசவைகளிலும் ஆடலையும் பாடலையும் வழிவழியாகப் பேணிவந்த தேவதாசி மரபில் தோன்றியவர். அக்காலப் பெண்களுள் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு எட்டாக்கனியாக இருந்தது. இம்மரபில் பிறந்த பெண்களோ இலக்கியமும் இசையும் முறையாகக் கற்றனர். எனினும், சமூகம் அவர்களின் கலையைப் போற்றிய அளவுக்கு அவர்களை மதிக்கவில்லை.

தந்தையின் ஆதரவு கிட்டாத நிலையில், புட்டலட்சுமி அம்மாள் தம் மகளைக் கல்வியிலும் கலையிலும் சிறந்தவளாக்கியே தீர்வது என உறுதிபூண்டார். சிறுமி நாகரத்தினம் கன்னடம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றாள். இசையையும் நாட்டியத்தையும் கற்றாள். பின்னர்ப் பெங்களூரில் முனுசாமப்பா என்னும் இசையாசிரியரிடம் பயின்றாள். முனுசாமப்பா, தியாகராசரின் சீடர் வழியில் வந்தவர். எனவே, தியாகராசரின் கீர்த்தனைகள் அச்சிறுமிக்கு ஆசிரியர் வழியாகக் கிடைத்த சொத்தாயின. பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணிக்கு வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

மகளின் வளர்ச்சியைக் கண்டு மகிழும் வாய்ப்புத் தாய்க்கு நெடுநாள் வாய்க்கவில்லை. நாகரத்தினத்தின் பதின்மப் பருவத்திலேயே தாயார் மறைந்தார். தம் குரலையும் கல்வியையும் மட்டுமே துணையாகக் கொண்டு அவ்விளம்பெண் வாழ்வை எதிர்கொண்டார்.

மேடையும் பொருளும்

ஏறத்தாழப் பதினைந்து வயதில் அவர் மேடையேறினார். கம்பீரமான குரலும், பாடலின் பொருளுணர்ந்து பாடும் திறமும், வடமொழிப் புலமையும் அவரை விரைவில் புகழ்பெறச் செய்தன. மைசூர் அரசவையிலும் பாடிச் சிறப்புப் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அந்நாளில் இசைக்கலைஞர்களை ஈர்க்கும் மாநகராகச் சென்னை வளர்ந்துகொண்டிருந்தது. அரசவைகள் அளித்துவந்த ஆதரவு குறையக் குறைய, நகரத்துச் சபைகளும் செல்வர் இல்லத் திருமணங்களும் கலைஞர்களுக்கு வாழ்வளித்தன.

நாகரத்தினம்மாள் தென்னிந்தியாவின் பல ஊர்களுக்கும் பயணம் செய்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட கச்சேரிகளைப் பாடினார். இசை நிகழ்ச்சிகளோடு கதைப்பாட்டாகிய அரிகதையும் நிகழ்த்தினார். சென்னையில் வருமானவரி செலுத்திய முதல் பெண்கலைஞர் என அவர் குறிப்பிடப்படுகிறார். ஒரு பெண், தன் உழைப்பினால் மட்டுமே வரி செலுத்தும் அளவுக்குப் பொருளீட்டினார் என்பது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தியாகும்.

ஒரு நூலுக்காக

பொருளும் புகழும் வந்தபோதும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னரின் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண்புலவர், இராதிகா சாந்தவனம் என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றியிருந்தார். முன்னர் அச்சான பதிப்பு குறைவுடையது எனக் கண்ட நாகரத்தினம்மாள், சுவடியைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, 1910ஆம் ஆண்டில் அந்நூலை முழுமையாக வெளியிட்டார்.

காதலை வெளிப்படையாகப் பாடும் அந்நூல் பெண்ணொருவரால் எழுதப்பட்டதும், பெண்ணொருவரால் பதிப்பிக்கப்பட்டதும் அன்றைய அறிஞர் சிலருக்கு உடன்பாடாக இல்லை. அதே பொருளைப் பாடிய ஆண்புலவர்களின் நூல்கள் தடையின்றி வழங்கிவந்தன. ஆங்கில அரசு நாகரத்தினம்மாளின் பதிப்புக்குத் தடை விதித்தது. அத்தடை பல்லாண்டுகளுக்குப் பின்னரே நீங்கியது. தடைகளைக் கண்டு பின்வாங்காத உள்ளம் அவருக்கு வாய்த்திருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி முதற்சான்றாகும்.

ஆசிரியரின் கடிதம்

தியாகராசர் 1767ஆம் ஆண்டு பிறந்து, 1847ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருவையாற்றில் மறைந்தார். அரசர் அளிக்க முன்வந்த செல்வத்தை மறுத்து, தெருக்களில் பாடிச் சென்று கிடைத்த அரிசியைக் கொண்டு வாழ்ந்தவர் அவர். காவிரிக்கரையில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் ஒரு சிறு மாடம் மட்டுமே இருந்தது. சீடர்கள் பல ஊர்களுக்கும் பிரிந்து சென்றமையால் அவ்விடம் கவனிப்பாரற்றுப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைச் சீர்செய்தனர். அதன்பின் ஆண்டுதோறும் ஆராதனை நடைபெற்றது. ஆனால், அதனை நடத்தியோர் இரு கட்சிகளாகப் பிரிந்து பூசலிட்டனர். விழாவைக் குறித்துப் போட்டி நிலவியதே தவிர, நினைவிடத்தைப் பேணுவார் இல்லை.

மைசூரைச் சேர்ந்த புகழ்பெற்ற பாடகரான பிடாரம் கிருஷ்ணப்பா, நாகரத்தினம்மாளின் ஆசிரியர்களுள் ஒருவர். அவர் திருவையாற்றுக்குச் சென்றபோது நினைவிடம் புதர்மண்டிக் கிடந்ததைக் கண்டு வருந்தினார். 1921ஆம் ஆண்டில் அந்நிலையை விளக்கித் தம் மாணவிக்குக் கடிதம் எழுதினார்.

நாகரத்தினம்மாள் காலம் தாழ்த்தவில்லை. திருவையாற்றுக்குச் சென்றார். நிலத்திற்கு உரியவர்களைக் கண்டறிந்து, அந்நிலத்தைப் பெற ஏற்பாடு செய்தார். 1921 அக்டோபரில் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது அவருக்கு அகவை நாற்பத்து மூன்றை நெருங்கியிருந்தது. கச்சேரிகளால் சேர்ந்த சேமிப்பும் அணிந்திருந்த நகைகளும் ஒவ்வொன்றாகக் கல்லும் சுண்ணமுமாக மாறின. பணம் தீர்ந்தபோது பாடச் சென்றார். பாடிப் பெற்றதைக் கொண்டு பணியைத் தொடர்ந்தார். 1926ஆம் ஆண்டு சனவரியில் தியாகராசரின் திருவுருவம் நிறுவப்பட்டுக் குடமுழுக்கு நடந்தது. செல்வத்தை வேண்டாம் என்ற இசைஞானிக்கு, இசையால் வந்த செல்வம் முழுவதையும் கொடுத்து ஒரு பெண் ஆலயம் எழுப்பினார்.

கொடுத்தவருக்கே மறுப்பு

ஆலயம் எழுந்தது, கட்டியவர் பாடலாம் என்னும் நிலை எழவில்லை. விழாவை நடத்திய இரு கட்சியினரும் பலவற்றில் மாறுபட்டபோதும், பெண்கள் அங்குப் பாடக்கூடாது என்பதில் ஒன்றுபட்டிருந்தனர். நாகரத்தினம்மாளின் நிலத்தில், நாகரத்தினம்மாளின் பொருளால் எழுந்த ஆலயத்தின்முன், அவருக்கே பாடும் உரிமை மறுக்கப்பட்டது.

இந்நிலையில் அவர்முன் இரு வழிகள் இருந்தன. மனம் கசந்து ஊர் திரும்பியிருக்கலாம். கட்டடம் தமக்கு உரியது எனக் கூறி மற்றவர்களை வெளியேற்ற முயன்றிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. விழா நடத்துவோரைத் தடுக்காமல், 1927ஆம் ஆண்டில் ஆலயத்தின் பின்புறத்தில் பெண்களுக்கெனத் தனியே ஓர் ஆராதனை விழாவைத் தொடங்கினார். முன்புறம் ஆண்கள் பாடினர்; பின்புறம் பெண்கள் பாடினர். ஏற்கெனவே இருந்த பெரிய கட்சி, சின்னக் கட்சி ஆகியவற்றோடு இது பெண்கள் கட்சி என வழங்கப்பட்டது. மேடை கிடைக்காத பெண்கலைஞர் பலருக்கு அப்பின்புறமே அரங்கமாயிற்று. ஆண்டுகள் செல்லச்செல்லக் கேட்போர் கூட்டம் அங்கும் பெருகியது.

சங்கமும் சட்டமும்

அதே 1927ஆம் ஆண்டில் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்னும் குரல் சென்னை மாகாணத்தில் வலுத்தது. மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் அதற்காக உழைத்தார். பெண்களை இழிநிலையிலிருந்து மீட்பதே அவர் நோக்கம். நாகரத்தினம்மாள் சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கத்தின் தலைமையை ஏற்று, அச்சட்டத்தை எதிர்த்தார். தம் மரபுப் பெண்கள் அனைவரையும் ஒழுக்கமற்றவர்கள் எனச் சட்டம் கருதுவது தவறு என்பதும், கலையும் அதற்கென விடப்பட்ட மானிய நிலங்களும் அவர்கள் கையைவிட்டுப் போகும் என்பதும் அவருடைய வாதங்கள். இறுதியில் 1947ஆம் ஆண்டில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. எதிரெதிர் அணியில் நின்ற இவ்விரு பெண்மணிகளும் பெண்களின் மதிப்புக்காகவே வாதிட்டனர் என்பதை இன்று நாம் நடுநிலையோடு உணரலாம்.

ஒன்றுபட்ட விழா

மூன்று விழாக்கள் ஓரிடத்தில் தனித்தனியே நடப்பது இசையுலகினர் பலருக்கு வருத்தம் அளித்தது. 1940ஆம் ஆண்டில் அனைவரையும் ஒன்றுசேர்க்கும் முயற்சி வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு முதல் ஒரே விழா நடந்தது. பெண்களும் சமமாகப் பாடினர். பதினான்கு ஆண்டுகள் பின்புறத்தில் ஒலித்த குரல் முன்புறத்திற்கு வந்தது. தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் கலைஞர்கள் அனைவரும் கூடியமர்ந்து ஒரே குரலில் பாடும் வழக்கமும் இவ்வொன்றுபட்ட விழாவிலேயே நிலைபெற்றது.

ஈகை என்பது பொருளைக் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. கொடுத்த பொருள் எல்லார்க்கும் பயன்படுகிறதா எனக் காத்து நிற்பதும் அதன் பகுதியே. பொது இடம் எனப் பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஓர் இடம் பொதுவாகிவிடாது. அதனைப் பொதுவாக்க நாகரத்தினம்மாளுக்குக் கட்டடப் பணியைவிட நீண்ட காலம் தேவைப்பட்டது.

நிறைவு

முதுமையில் நாகரத்தினம்மாள் திருவையாற்றிலேயே தங்கி, நினைவாலயத்தின் அன்றாட வழிபாட்டைக் கவனித்துவந்தார். வித்யாசுந்தரி, தியாகசேவாசக்த முதலிய பட்டங்கள் அவரை நாடி வந்தன. 1949ஆம் ஆண்டில் அவர் தம் விருப்ப ஆவணத்தை எழுதி, எஞ்சிய உடைமைகளை ஆலயப் பணிக்கென அறக்கட்டளைக்கு உரியதாக்கினார். தம் மரபைச் சேர்ந்தோர் உட்பட எல்லாப் பெண்களுக்கும் அங்குப் பாடிப் பணிபுரியும் உரிமை என்றும் இருத்தல் வேண்டும் என அதில் வற்புறுத்தினார். பொருளோடு உரிமையையும் அடுத்த தலைமுறைக்கு எழுதிவைத்த ஆவணம் அது.

1952ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், தம் 73ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். தியாகராசரின் நினைவாலயத்திற்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் எழுப்பப்பட்டது. அங்கு அவர் கைகூப்பி அமர்ந்த நிலையில், தாம் கட்டிய ஆலயத்தை நோக்கியவாறு காட்சியளிக்கிறார். ஆண்டுதோறும் தைத் திங்களை ஒட்டி நடைபெறும் ஆராதனையின்போது, காவிரிக்கரையில் ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கான கலைஞர்கள் வரிசையாக அமர்ந்து பாடுகின்றனர். அவர்களுள் அமர்ந்து பாடும் ஒவ்வொரு பெண்ணின் இடமும் நாகரத்தினம்மாள் பெற்றுத் தந்ததாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தனியொருவர் தம் உழைப்பால் ஈட்டிய பொருளைக் கொண்டு அமைத்த பள்ளி, குளம், நூலகம், சத்திரம் முதலியவற்றுள் ஒன்றன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ஒரு பொது இடம் எல்லார்க்கும் பொதுவாக அமைவதற்கு வேண்டியவை யாவை என்பது பற்றி வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. தேவதாசி ஒழிப்புச் சட்டம் குறித்து நாகரத்தினம்மாளும் முத்துலட்சுமி அம்மையாரும் கொண்டிருந்த கருத்துகளை ஒப்பிட்டு உரையாடலாக அமைக்க.