கணினிப் பேராசான் சமரநாயக்க

மலர் வெளியிடுங் காலந்தோறும் கல்லூரியைத் தாபித்த பெரியார்களையும் அதிபர்களையும் நினைந்து எழுதுதல் நம் மரபு. இம்முறை அம்மரபினின்றுஞ் சற்றே விலகி, எமது கல்லூரியிற் கல்லாதவரும் எமது மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவருமாகிய ஒருவரின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். பழைய மாணவருட் கணினித் துறையாற் சீவனம் நடத்துவோர் இன்று பலர். அவர்கள் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் பெயரை அறிவர். இன்று வகுப்பிலிருக்கும் பிள்ளைகளோ பெரும்பாலும் அறியார்.

அன்னார் 1939 மே 22 இற் பிறந்தார். ஆனந்தாக் கல்லூரியிலும் றோயல் கல்லூரியிலும் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்றுத் தேறி, 1961 இல் அங்கேயே விரிவுரையாளராயினார். பின்னர் இலண்டன் சென்று, அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராயும் பௌதிகத் துறையிற் கலாநிதிப் பட்டத்தை 1966 இற் பெற்று மீண்டார். அத்துறையிலேயே நின்றிருப்பின் உலகம் போற்றும் கட்டுரைகள் சில எழுதியிருப்பார். நாடு அவரை அறிந்திராது.

அவர் மீண்ட காலத்தில் இலங்கையிற் கணினி என்பது விரலாற் சுட்டத்தக்க சில இடங்களிலேயே இருந்தது. ஓர் அறையை நிறைக்கும் அவ்வியந்திரத்தைத் தனியொருவர் உடையராதல் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. கணக்கைத் துளையட்டைகளிற் பதித்து இயந்திரம் உள்ள இடத்திற்குக் கொண்டுபோய், தம் முறை வரும்வரை காத்திருத்தலே வழக்கம். அப்பொருளை ஒரு சிலரின் விந்தையாக விடாது நாட்டின் கல்வியாக்கல் வேண்டுமென்பதே சமரநாயக்கவின் வாழ்நாள் முயற்சியாயிற்று.

1983 இற் தேசிய கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. மறு ஆண்டில் சின்ரெக் எனப்பட்ட மன்றம் தோன்ற, பின்னர் அதன் தலைமை அவரிடம் வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினித் தொழினுட்ப நிறுவகம் 1987 இல் அமைந்தபோது அதன் முதற் பணிப்பாளரும் அவரே. யப்பானிய உதவியும் அதற்குக் கிட்டியது.

அக்காலத்தில் நாம் இருந்த நிலையையும் ஈண்டுக் கூறாமல் அமையாது. தொண்ணூறுகளிற் குடாநாட்டில் மின்சாரமில்லை. போத்தல் விளக்கின் ஒளியில் நாம் இலக்கணம் படித்தோம். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். கொழும்பிலே கணினிக் கல்வி வளர்ந்த செய்தி எமக்குப் பிறதேசத்துச் செய்தியாகவே இருந்தது. ஆகவே 2000 ஆம் ஆண்டிற் கொழும்புப் பல்கலைக்கழகம் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தை அவர் செய்தவற்றுள் முதன்மையானதாக நாம் மதிக்கின்றோம். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியிற் சில புள்ளிகளால் தவறியவனும் பகலில் வேலை செய்து இரவிற் படிப்பவளும் பரீட்சை எழுதிப் பட்டம் பெற அது வழி திறந்தது. நூலும் வினாத்தாளும் ஆங்கிலத்தில் அமைந்தமை எம்மவர் பலருக்கு இடராயிற்றென்பதையும் மறைத்தல் தகாது.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவரகம் அமைந்தது. பிற்காலத்தில் அதன் தலைவராக இருந்தவர் சமரநாயக்க. ஈ-இலங்கைத் திட்டத்திற்கு உலக வங்கி 5 கோடியே 30 இலட்சம் டொலர் கடன் வழங்கியது. கிராமந்தோறும் நெனசல நிலையங்களும், அலுவலகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் அரச வலையமைப்பும் அதன் கூறுகள். மின்னணுவிற் செய்யப்படும் உடன்படிக்கைக்குச் சட்டவலு தந்த சட்டம் 2006 இல் நிறைவேறிற்று.

2007 யூன் 6 இல் அமெரிக்காவில் அவர் காலமானார், அகவை 68. தமிழெழுத்தைக் கணினியிற் கையாள்வதற்கான இலங்கைத் தரம் 1326 மறு ஆண்டில் வெளிவந்தது. அதனை அவர் காணவில்லை.

அவ்வலையமைப்பின் மேல் எழுந்ததே இலங்கை அரச முகில். முகிற் கணிமையை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பங்குக் கிணற்றை நாம் அறிவோம். ஒரு கிணறு, உறுதியிலே பலருக்குப் பங்கு, தன் முறை வந்தபோது ஒவ்வொருவனும் தன் கிணறென்றே இறைக்கின்றான். அவ்வாறே ஒரு பெருங் கணினி மெய்நிகராக்கத்தாற் பல கணினிகளாகத் தோன்றி, ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனியே உள்ளதுபோற் பணி செய்கின்றது. ஒருவர் இறைக்காத வேளையில் நீர் மற்றவர்க்கு உதவும். திணைக்களந்தோறும் இயந்திரம் வாங்கி, குளிரூட்டி, காவல் வைக்கும் செலவு இல்லை. துளையட்டையைச் சுமந்து சென்று பொது இயந்திரத்திற்குக் காத்திருந்த பழைய முறையே, காத்திருத்தல் நீங்கிப் புதிதாய் வந்ததென்றுங் கூறலாம்.

ஆயினும் கிணறு ஒன்றேயெனின் அது கெடுங்கால் எல்லார்க்குங் கெடும். 2023 ஆகஸ்டில் அரச முகிலைப் பணயத் தீநிரல் தாக்கிற்று. அரசின் ஏறத்தாழ 5000 மின்னஞ்சற் கணக்குகளுக்கு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் மீளாது போயின. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். காலங்கடந்த மென்பொருளைப் புதுக்காமையும் அந்நாட்களுக்குரிய காப்புப் படி இல்லாமையுமே இழப்பை அத்துணைப் பெரிதாக்கின. 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்திலும் வேறிடத்திற் படியில்லாத ஏடுகளே மீளாதொழிந்தன. இயந்திரத்தை வாங்குதல் எளிது, ஆளைப் பயிற்றுதலே அரிது என்று கருதுவோர்க்குச் சமரநாயக்க நிறுவகத்தின் பின் நிறுவகமாக எழுப்பியதன் காரணம் இப்போது விளங்கும்.

எமது கல்லூரியின் பழைய சேர்வு இடாப்புகள் இன்றும் பெருந்தாட் புத்தகங்களிலே உள்ளன. பழைய மாணவர் சிலர் அவற்றை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வருகின்றனர். ஒரு படி முகிலில் இருக்கும். மற்றொரு படி வேறூரிலுள்ள ஓர் அன்பரிடம் இருக்கும். புத்தகங்கள் அலுமாரியிலேயே இருக்கும்.