தலைமை மறுக்கப்பட்ட தலைவர்: பல்வாங்கர் பாலு

கல்வியால் உயர முயலும் ஒரு சமுதாயம், தன் முன்னோர் பெற்ற வெற்றிகளை மட்டுமன்றி, அவ்வெற்றிகளுக்குப் பின்னரும் அவர்களுக்கு மறுக்கப்பட்டவை எவை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், இந்தியக் கிரிக்கெட்டின் முதற்பெரும் பந்து வீச்சாளராக விளங்கிய பல்வாங்கர் பாலுவின் வரலாற்றை நம் மாணவ மணிகளின் முன் வைக்கின்றோம்.

பாலு 1876ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் தார்வாரில் பிறந்தார். தோல் தொழிலுக்கு உரியதென ஒதுக்கி வைக்கப்பட்ட சமார் வகுப்பினர் அவர். தந்தையார் இராணுவத்தில் சிறு பணியில் இருந்தமையால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டையும் பந்துமே பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் முதல் விளையாட்டுக் கருவிகளாயின.

பார்சிகளின் மன்றம் ஒன்றில் ஆடுதளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை பாலுவுக்குக் கிடைத்தது. திங்களுக்கு 3 ரூபாய் ஊதியம். பின்னர், 1892இல், வெள்ளையரின் பூனா மன்றத்தில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். அங்கே துரைமார் மட்டை பிடித்துப் பழகுவதற்காக நாள்தோறும் பந்து வீசினார். கிரெய்க் என்னும் சிறந்த ஆட்டக்காரர், தம்மை ஒவ்வொரு முறை ஆட்டமிழக்கச் செய்ததற்கும் எட்டணா கொடுத்தார் என்பர். மணிக்கணக்கில் வீசி வீசியே அவருடைய இடக்கைச் சுழற்பந்து கூர்மை பெற்றது. ஆயினும் மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அங்கே அளிக்கப்படவில்லை.

பூனா இந்துக்களின் அணி, வெள்ளையரை வெல்ல விரும்பியது. வெல்வதற்குரிய கை பாலுவிடம் இருந்தது. அவரைச் சேர்ப்பதா வேண்டாவா என்று நெடிது வாதிட்டு, இறுதியிற் சேர்த்துக் கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். இடைவேளை வந்ததும் நிலை மாறியது. மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் குவளையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே மட்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவுக்கும் தனி இடமே. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்ட நம் மக்களுக்கு இதன் வேதனையை விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் அவர் பம்பாய் சென்று இந்து ஜிம்கானா அணியில் ஆடினார். அங்கே நிலைமை சிறிது திருந்தியது. 1906ஆம் ஆண்டு இந்துக்கள் வெள்ளையரை 109 ஓட்டங்களால் வென்றனர். பாலு எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். சிவராமும் உடன் ஆடினார். அக்காலத்தில் பாலுவும் சிவராமும் ஏனைய வகுப்பினருடன் ஒரே பந்தியில் உண்டனர். சாதிச் சுவரைச் சற்றே தளர்த்தியதனால்தான் இவ்வெற்றி கிட்டியது என்று சீர்திருத்த ஏடுகள் அன்று எடுத்துரைத்தன.

1911இல் பாட்டியாலா மன்னரின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பல ஆட்டங்களில் தோற்றது. ஆனால் பாலு தனித்து ஒளிர்ந்தார். எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். தாழ்த்தப்பட்ட மக்கள் அவரைத் தங்கள் பெருமையாகக் கொண்டாடினர். இளைஞராயிருந்த அம்பேத்கரும் அவரைப் பெரிதும் போற்றினார்.

இத்தகைய ஒருவருக்கு அணித்தலைமை தானாகவே வந்திருக்க வேண்டுமல்லவா? வரவில்லை. அனுபவத்தாலும் திறத்தாலும் மூத்தவரான பாலு, ஆண்டுக்கு ஆண்டு புறக்கணிக்கப்பட்டார். அணித்தலைவராயிருந்த எம்.டி.பை என்பவரே, இப்பதவி பாலுவுக்கு உரியதென 1913இல் பொது மேடையில் ஒப்புக்கொண்டார். பந்து வீசலாம், உடன் உண்ணலாம். ஆணையிடுதல் மட்டும் கூடாது என்பதே அன்றைய நிலை.

1920இல் பை உடல் நலமின்றி இருந்தபோது, தலைமை வேறொருவருக்கு அளிக்கப்பட்டது. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அப்போது தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகித் தங்கள் எதிர்ப்பை வெளிப்படையாக அறிவித்தனர். ஊரில் விவாதம் எழுந்தது. இறுதி ஆட்டத்திற்குப் பை திரும்பி வந்தார், பாலு துணைத்தலைவர் ஆக்கப்பட்டார், தம்பியரும் மீண்டனர். ஆட்டத்தின் நடுவே பை களத்தை விட்டு வெளியேறி, பாலு சிறிது நேரம் அணியை நடத்த வழி செய்தார். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்குக் கிடைத்த தலைமை அவ்வளவே.

ஆயினும் அந்த விலகல் வீண் போகவில்லை. 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டே அணி வெள்ளையரை வென்று வாகை சூடியது. அண்ணன் திறமையால் திறந்த கதவின் வழியே, உடன்பிறந்தாரின் ஒற்றுமையால் தம்பி உள்ளே சென்றார்.

பாலுவின் பிற்கால அரசியலையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1932இல் பூனா ஒப்பந்தத்தின்போது, நம் சென்னை எம்.சி.இராஜாவைப் போலவே அவரும் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். 1937 தேர்தலில் காங்கிரசின் சார்பில் பம்பாயில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்றார். அண்ணல் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒரே துயரிலிருந்து எழுந்த இருவர் இருவேறு வழிகளை நம்பினர். அண்ணலின் வழியைப் போற்றும் நாம், அதனால் பாலுவின் அருமையைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. 1955 ஜூலை 4ஆம் நாள் பாலு பம்பாயில் காலமானார்.

ஓர் அணி உண்மையில் ஓர் அணியாவது எப்போது? பந்தைப் பகிர்ந்தபோதன்று, பந்தியைப் பகிர்ந்தபோதும் முழுமையாக அன்று, தலைமையையும் பகிரும்போதே. தனிமனிதத் திறமை பாலுவைக் களத்தில் சேர்த்தது. தலைமையைப் பெற்றுத் தரவோ, உடனிருந்தோர் தங்கள் இடத்தைத் துறந்து நிற்க வேண்டியிருந்தது. நம் மாணவர்கள் தேர்வில் முதன்மை பெறுவதோடு நில்லாது, புறக்கணிக்கப்படும் தோழனுக்காக எழுந்து நிற்கவும் பழகுவார்களாக! நம் சங்கம் 25 ஆண்டுகளாக வளர்க்க விழைந்த கல்வி அதுவே.